சாட்சிக்கு உடம்பு சரியில்லை

இக்னேசியஸுக்குக் கடலென்றால் பயம். கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனிதர் இதை வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? அதனால் கடலைத் துண்டு துண்டாக வெட்டிக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்து விற்கிற தொழிலில் இறங்கினார். பெட்டிக்குள் இருக்கிற கடலிடம் அவருக்குப் பயமில்லை. அது இடுப்பளவுக்கு மேல் வராது. ரொம்ப ஆடினால் பிளக்கைப் பிடுங்கிவிடலாம்.

ராமநாதபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிற டாக்டர் வீடு, நகைக்கடை, ஓட்டல் எல்லாவற்றுக்கும் 'மீன்தொட்டி இக்னி'தான் குடும்ப வைத்தியர். கோமாளி மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தால் கண்ணாடிக்கு வெளியில் நின்றே சொல்லிவிடுவார். வீட்டுக்காரருக்கு அம்மை போட்டிருந்தால் கவனிக்க மாட்டார். தொட்டி கலங்கியிருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஏன் கலங்கியது என்று கேட்கிற வழக்கமில்லை. தெளிய வைத்தால் சரி. இது ஒரு குறை என்று அவருக்கு அப்போது தெரியாது. திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கூனிமுனையிலிருந்து அமலோற்பவம் கூப்பிட்டபோதும் அப்படித்தான்.

"அண்ணே, பூ வாடுது. கிளம்பி வாங்க."

"எந்தப் பூ, அமலி?"

"எந்தப் பூவா? சாட்சிதாண்ணே. சாட்சிக்கு உடம்பு சரியில்ல."

பவளச் சாட்சிச் சட்டம் வந்த புதிதில் எல்லோரும் சிரித்தார்கள். கடலில் கழிவுநீர் விடுகிற ஆலை எதுவானாலும், அது கலக்கிற இடத்திலிருந்து ஒரு குழாய் இழுத்து, பக்கத்து ஊர் நடுவில் ஒரு பவளத் தொட்டிக்குள் அந்தத் தண்ணீரை ஓடவிட வேண்டும். மீட்டர் பொய் சொல்லும், அதிகாரி பொய் சொல்லுவார், பவளத்துக்குப் பொய் தெரியாது என்று சட்டம் போட்டவர்கள் நம்பினார்கள். தண்ணீர் நன்றாக இருந்தால் பவளத்தின் குட்டி வாய்கள் பூ மாதிரி விரியும். கெட்டால் சுருங்கும். மேலே ஒரு கேமரா அதையே பார்த்துக்கொண்டிருக்கும். விரிந்தால் வெளியே பலகையில் பச்சை, சுருங்கினால் மஞ்சள், மூடிக்கொண்டால் சிவப்பு. சிவப்பு விழுந்துவிட்டால் ஆலையின் பம்ப் தானாகப் பூட்டிக்கொள்ளும். மந்திரியே போன் பண்ணினாலும் திறக்காது.

கூனிமுனையில் இருந்தது இறால் குஞ்சு பொரிக்கிற பண்ணை. ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறவர்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலை முழுக்கப் பாறைமேல் நின்று மூழ்கி மூழ்கி எழுவார்கள். காலில் கீறல் இல்லாத பாசிக்காரி கிடையாது. தொட்டி வந்த பிறகு ஒரு வழக்கம் வந்தது. கடலுக்குப் போகிற வழியில் பலகையைப் பார்ப்பார்கள். பச்சையாக இருந்தால் இரண்டு விரலால் தொட்டிக் கண்ணாடியைத் தொட்டு, விரலை முத்தி செய்துவிட்டு இறங்குவார்கள். மாதா சுரூபத்துக்குக்கூட இப்போது இவ்வளவு முத்தம் கிடைப்பதில்லை என்று பங்குச் சாமியார் வருத்தப்பட்டதாகக் கேள்வி.

அமலோற்பவமும் பாசிக்காரிதான். தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஊர் அவளைத்தான் நியமித்திருந்தது. கரையேறியதும் ஈரச்சேலையோடு வந்து முதலில் கண்ணாடியைத் துடைப்பாள், பிறகுதான் வீட்டுக்குப் போவாள்.

இக்னேசியஸ் போய்ச் சேர்ந்தபோது பலகையில் மஞ்சள். கொட்டகைக்குள் பவளங்கள் விரல் மடக்கின கைபோல இருந்தன. ஓரத்தில் ஒன்று தோல் உரிந்து வெள்ளையாகிக்கொண்டிருந்தது. 

"ஐயோ, என் கண்ணு" என்றார் பவளத்திடம்.

"எனக்குக் கால்ல முள்ளு குத்துனப்போ ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருக்கீங்களா?" என்றாள் அமலி.

"உனக்குப் பேச வாயிருக்கு. இது பாவம்."

பண்ணை மேலாளர் மகுடபதியும் வந்துவிட்டார். மேற்கேயிருந்து வந்த மனிதர். யாரிடம் பேசினாலும் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுகிற பணிவு.

"என்னங்க சார் சீக்கு இதுக்கு?"

"கிருமி. தண்ணியில மிதந்து வருது. வந்து தோலைத் தின்னுது."

"மருந்து ஊத்தலாங்களா?"

"ஊத்தக் கூடாதே. மருந்தோ ரசாயனமோ சேர்த்தா குற்றம்னு சட்டத்துல இருக்கு."

மகுடபதி கொஞ்ச நேரம் தொட்டியைப் பார்த்தார். "சாட்சி உயிரினத்தோட உடல்நலத்தைப் பேணலாம்னும் அதே சட்டத்துல இருக்குதுங்க. உங்க கடையில மீனுக்கெல்லாம் ஏதோ லைட் போடுவீங்களாமே."

"யூவியா?"

"வெளிச்சம் ரசாயனமாங்க சார்?"

இக்னேசியஸ் சிரித்தார். நல்ல கேள்வி என்று பாராட்டவும் செய்தார். அந்தப் பாராட்டை நினைத்து நினைத்துப் பின்னாளில் எத்தனையோ தடவை தலையணையில் முகம் புதைத்திருக்கிறார்.

யூவி என்பது ஒரு கறுப்புக் குழாய். உள்ளே கண்ணாடி உறை, உறைக்குள் ஒரு விளக்கு. தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போகும்போது மிதந்து வருகிற கிருமிகளின் உயிர்ச்சரடு அறுந்துபோகும். பாறையில் ஒட்டியிருப்பதை ஒன்றும் செய்யாது, தண்ணீரிலும் எதையும் விட்டுவைக்காது. வெயிலை ஒரு முழக் குழாய்க்குள் அடைத்த மாதிரி என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லுவார்.

அந்த வேலையை அவர் எவ்வளவு அழகாகச் செய்தார் என்பதுதான் கொடுமை. கடலிலிருந்து வருகிற தண்ணீர் முதலில் மணல் வடிகட்டிக்குப் போகும், அங்கிருந்து பவளத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் குழாயை அறுத்தார். கலங்கலாக இருந்தால் வெளிச்சம் உள்ளே இறங்காது, அதனால் வடிகட்டிக்குப் பிறகுதான் வைக்க வேண்டும். பசை தடவுவதற்கு முன் எல்லாவற்றையும் வெறுமனே கோத்துப் பார்த்தார். ஒரு வளைவு கோணலாகத் தெரிந்தது; யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் மாற்றினார். விளக்கு மாற்றக் கழற்ற வசதியாக இரண்டு பக்கமும் யூனியன் என்கிற திருகு மூட்டு போட்டார். தண்ணீர் அவசரமாக ஓடினால் கிருமி தப்பித்துவிடுமென்று வால்வைத் திருகி ஓட்டத்தைக் குறைத்தார். மின்கம்பியை ஒரு தொங்கல் விட்டு இழுத்தார், நீர் வழிந்தாலும் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டிவிடும். கடைசியாக ஒரு சுற்றுவழி. மூன்று வால்வுகளை மாற்றித் திருப்பினால் தண்ணீர் யூவியைத் தொடாமல் நேராகப் பவளத்துக்குப் போகும். "பழுது வந்தா ஓட்டத்தை நிறுத்தாமலே கழற்றலாம்" என்று அமலிக்குக் காட்டினார்.

அவள் அந்தக் கறுப்புக் குழாயைத் தடவிப் பார்த்தாள்.

"ஏண்ணே, இது கடலையும் சேத்துச் சுத்தம் பண்ணுமா?"

"கடலை எப்படி அமலி பண்ண முடியும்? தொட்டியை மட்டுந்தான்."

"அப்பச் சரி" என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. அந்த இடத்தில் இரண்டு பேரில் ஒருவருக்காவது ஏதாவது உறைத்திருக்கலாம். அமலிக்கு இவர்மேல் நம்பிக்கை. இவருக்குத் தன் குழாய்மேல்.

ஒரு வாரத்தில் பூக்கள் விரிந்தன. பலகை பச்சையானது. பண்ணையில் வேலை பார்க்கிறவர்கள் வெடி போட்டார்கள், பம்ப் பூட்டியிருந்தால் அவர்களுக்குக் கூலி இல்லை. மாதா திருவிழாவில் தேர் நிலைக்கு வந்த பிறகு மேடையில் இக்னேசியஸைக் கூப்பிட்டு மகுடபதி பொன்னாடை போர்த்தினார். "நமது சாட்சியின் உயிர் காத்த டாக்டர்" என்று மைக்கில் சொன்னார்கள். இக்னேசியஸ் டாக்டர் என்பதை மறுக்க எழுந்து, மறுக்காமல் உட்கார்ந்தார். வீட்டில் மனைவி ஜெசிந்தா பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு, "இதுல மெத்தையுறை தைக்கலாம்" என்றாள். அவருக்கு வருத்தம்.

மழைக்காலம் முடிந்து உறையைத் துடைக்கக் கூனிமுனைக்குப் போனார். அமலி நொண்டிக்கொண்டு வந்தாள்.

"என்ன கால்ல?"

"பாறை கீறிருச்சு. ஆற மாட்டேங்குது. நம்ம ரோஸ்லினுக்கும் கையில அப்படித்தான்." ரோஸ்லின் அவள் தங்கச்சி. "நாலஞ்சு பேருக்கு இருக்குண்ணே."

"கடல்ல ஏதும்..."

"கடலா? பலகை பச்சையால்ல நிக்குது!" அவள் அவரைத் தேற்றுகிற மாதிரிச் சொன்னாள். "நீங்க பாத்துப் பாத்துச் செஞ்ச தொட்டி. கடல்ல ஒண்ணுமில்ல. எனக்குச் சர்க்கரையா இருக்கும். எங்க அப்பாவுக்கு இருந்துச்சு."

யூவியைக் கழற்றினார். தண்ணீர் உள்ளே வருகிற பக்கத்துக் குழாயில் மூக்குச்சளி மாதிரி வழவழவென்று ஒரு படலம். வெளியே போகிற பக்கம் புதுக் குழாய்போலச் சுத்தம். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மனதின் ஓரத்தில் ஏதோ ஒன்று எழுந்து நிற்கப் பார்த்தது. உட்கார் என்றார். அதுவும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்தது. படலத்தைச் சுரண்டிவிட்டு, குழாயைப் பழையபடி மாட்டி, பையிலிருந்து ஒரு களிம்பு எடுத்து அமலியிடம் கொடுத்தார்.

"மனுசருக்கா, மீனுக்கா?"

"மீனுக்கு. ஆனா இறக்குமதி."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்து அவர் அவளைப் பார்த்தது ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில். கால் முழங்கால்வரை வீங்கிப் பளபளத்தது. பாதம் ஊதா நிறமாகியிருந்தது. காய்ச்சலில் கண் மூடியிருந்தாள். ரோஸ்லின் கையில் கட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

வராந்தாவில் டாக்டர் ஷிஃபானாவைப் பிடித்தார். சின்ன வயது, தூங்கிப் பல நாளான கண்கள்.

"என்ன டாக்டர் அது?"

"நீங்க யாரு, அண்ணனா?"

"அண்ணன் மாதிரி."

"புண்ணு வழியா கிருமி ஏறியிருக்கு. நாங்க குடுக்கிற மருந்துக்குக் கட்டுப்படல. சாம்பிள் மதுரைக்கு அனுப்பியிருக்கோம், பதில் வரல."

"கடல் கிருமியா இருந்தா?"

"அதைத்தான் முதல்ல நினைச்சோம். பாசி எடுக்கிற அம்மா, கால்ல கீறல். கடல் கிருமின்னா வேற மருந்து குடுக்கணும், இன்னைக்கே புண்ணைத் திறந்து அழுகினதை வெட்டி எடுக்கணும், சின்ன விஷயமில்ல. ஆனா கூனிமுனைன்னு அடிச்சா கம்ப்யூட்டர்லயே வந்திருது, கடல் சுத்தம்னு. தொட்டி மாசக்கணக்கா பச்சை. அதனால அந்தச் சந்தேகத்தையே எடுத்துட்டோம்."

உட்கார வைத்த எண்ணம் இப்போது எழுந்தது. இந்த முறை அதைவிட உயரமானது உலகத்தில் எதுவுமில்லை. கடல் கெட்டால் சுருங்குவதற்காகவே ஓர் உயிரை அங்கே வைத்திருந்தார்கள். அது கெட்டதைச் சொல்ல வாயெடுத்தபோது, உடம்பு சரியில்லை என்று இவர் வைத்தியம் பார்த்துவிட்டார். சாட்சி சொன்ன கடலும் பாசிக்காரிகள் இறங்கிய கடலும் ஒரே கடல் இல்லை. நடுவில் இவருடைய குழாய் இருந்தது. கோணல் இல்லாமல், சொட்டு ஒழுகாமல்.

"அந்தப் பலகை ஒருவேளை தப்பா இருந்தா, டாக்டர்?"

ஷிஃபானா நிமிர்ந்து பார்த்தாள். "எப்படித் தப்பா இருக்கும்? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

வாயில் வந்துவிட்டது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வார்டு வாசலில் ரோஸ்லின் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னாடை, மைக், 'டாக்டர்', பசை வாசனை எல்லாம் ஒன்றாக வந்து குறுக்கே நின்றன.

"இல்ல டாக்டர். சும்மா கேட்டேன்."

அவள் போய்விட்டாள்.

கோழைகளுக்கு யோசனை வேகமாக வரும். தான் ஏன் சொல்ல வேண்டும், பவளமே சொல்லட்டுமே என்று இக்னேசியஸ் முடிவுசெய்தார். சுற்றுவழியைத் திறந்துவிட்டால் கடல் நேராகத் தொட்டிக்குள் போகும். பூ மூடும். பலகை சிவக்கும். கம்ப்யூட்டர் பார்த்து டாக்டர் மருந்தை மாற்றுவாள். யார் பெயரும் வெளியே வராது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு கூனிமுனைக்குப் பைக்கை விரட்டினார்.

மதியம். ஊர் சாப்பிட்டுப் படுத்திருந்தது. கொட்டகைக்குள் போய் மூன்று வால்வுகளையும் திருப்பினார். அவ்வளவு வழுக்கலாகத் திரும்பின, நல்ல சரக்கு. பிறகு தொட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

பூக்கள் விரிந்தே இருந்தன.

பவளத்துக்கு அவசரமில்லை என்பது அவருக்குத் தெரியாததில்லை. கிருமி வர வேண்டும், தோலில் ஒட்ட வேண்டும், பெருக வேண்டும். ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார். "மூடு, கண்ணு" என்றார். "ராசாத்தி, மூடும்மா." வாழ்நாளெல்லாம் எந்தப் பவளத்தையும் விரியச் சொல்லிக் கெஞ்சியவர். சாயங்காலமாயிற்று. பலகை பச்சை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தார். இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று பையில் போட்டார். இதையே எத்தனை தடவை செய்தார் என்று அவரே எண்ணவில்லை. இருட்டியதும் யார் கண்ணிலும் படாமல் ராமநாதபுரத்துக்குத் திரும்பினார்.

மறுநாள் மதியத்துக்கு மேல்தான் பலகை மஞ்சளானது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் சிவப்பு.

எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்தது. பண்ணைப் பம்ப் பூட்டிக்கொண்டது. ஷிஃபானா மருந்தை மாற்றினாள், உடனே அறுவை அறைக்குக் கொண்டுபோனாள். அமலியின் உயிர் தங்கியது. பாதம் தங்கவில்லை. கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள்.

"நேத்தே தெரிஞ்சிருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னதை ரோஸ்லின்தான் போனில் சொன்னாள். அழுதுகொண்டே அடுத்ததையும் சொன்னாள்: "ஊர்ல தொட்டியும் சிவந்துருச்சாம்ண்ணே. அக்கா கண்ணு முழிச்சதும் உங்களைத்தான் கேக்குது. பூவுக்கு வலிக்குமாம். அண்ணனைக் கூப்புட்டுச் சரிபண்ணச் சொல்லுன்னு கெடந்து புலம்புது."

இக்னேசியஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அதற்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

அன்று ராத்திரி கொட்டகைக்குப் போனபோது ஊரே நின்றது. வழிவிட்டார்கள். "டாக்டர் வந்துட்டாரு, தள்ளுப்பா." யாரோ ஸ்டூல் போட்டார்கள். மகுடபதி கைகூப்பினார். "சார், சீக்கிரம் பாருங்க. யூவி சுற்றுவழியில கிடக்குதுங்க. யாரோ தெரியாம திருப்பிட்டாங்க போல. மறுபடி திருப்பிட்டா சரியாயிருங்களா?"

யாரோ. தெரியாமல். எவ்வளவு அழகாக ஒரு கதவைத் திறந்துவைத்துவிட்டு நிற்கிறார் இந்த மனிதர்!

இக்னேசியஸ் வால்வுகளுக்கு முன்னால் போய் நின்றார். கையைக் குழாய்மேல் வைத்தார். பின்னால் ஊர் முழுக்க எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது.

"இதுக்கு உடம்பு சரியாத்தான் இருக்கு" என்றார். குழாய்க்குத்தான் கேட்டது. திரும்பி நின்று மறுபடி சொன்னார். "பவளத்துக்குச் சீக்கு இல்ல. கடலுக்குத்தான். அன்னைக்கும் கடலுக்குத்தான். பண்ணையிலேர்ந்து வர்ற தண்ணியில கிருமி இருக்கு. இது அதைச் சொல்லுச்சு. நான் அது வாயை மூடிட்டேன்."

"மூடலையே, விரிய வச்சீங்களே" என்றார் ஒரு பெரியவர், புரியாமல்.

"விரிய வச்சேன். இந்தக் குழாய் கிருமியைக் கொன்னு நல்ல தண்ணியை இதுக்குக் குடுத்துச்சு. கெட்ட தண்ணி நீங்க இறங்குன கடல்லயே இருந்துச்சு. இது சொகமா இருந்துச்சு, பலகை பச்சையா இருந்துச்சு, நீங்க இறங்குனீங்க." கொஞ்சம் நிறுத்தினார். இதுவரை சொன்னதைத் தெரியாமல் செய்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இனிமேல் வருவதற்கு அந்த வழியில்லை. "நேத்து டாக்டரம்மா என்கிட்ட கேட்டாங்க, உங்களுக்கு ஏதாவது தெரியுமான்னு. தெரியும். சும்மா கேட்டேன்னு சொல்லிட்டேன். வெக்கமா இருந்துச்சு. வால்வை நான்தான் திருப்பினேன், இதுவே சொல்லட்டும்னு. இது சொல்றதுக்கு ஒரு நாளாச்சு. அந்த ஒரு நாள்லதான் அமலிக்குக் கால் போச்சு."

யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரோஸ்லின் அங்கே இல்லை; அவள் இருந்திருந்தால் அடித்திருப்பாள்.

விசாரணை வந்தது. சாட்சி உயிரினத்தின் உடல்நலம் பேணியது குற்றமாகாது என்று பண்ணையின் வக்கீல் வாதாடி ஜெயித்தார். அந்தத் தீர்ப்பில் இக்னேசியஸும் விடுதலையானார். விடுதலையான மனிதர் இவ்வளவு கூனிப்போய் யாரும் பார்த்ததில்லை. யூவியைக் கழற்றினார்கள். பண்ணை சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கி வைத்து மறுபடி திறந்தது. பூக்கள் விரிந்தன. பலகை பச்சை காட்டியது.

ஒருவரும் இறங்கவில்லை.

கோவில் பக்கத்துக் கூடத்தில் ஊர்க்கூட்டம். இக்னேசியஸையும் வரச் சொல்லியிருந்தார்கள். அமலி கைத்தாங்கலாக வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் போன பிறகு அவளை அன்றுதான் நேராகப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. அபராதம் போடு என்றது ஒரு குரல். ஊருக்குள் விடாதே என்றது ஒன்று. தொட்டியை உடைத்துப்போடு என்றாள் ரோஸ்லின்.

"அதை ஏன் உடைக்கணும்? அது என்ன பண்ணுச்சு?" என்றாள் அமலி. பிறகு இவரைப் பார்த்தாள். "அண்ணே, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"கடல்ல இறங்கி எத்தனை வருசமாச்சு?"

எல்லோரும் பார்த்தார்கள். ஐம்பது வயது தாண்டியும் காப்பாற்றி வந்த ரகசியம். "சின்னப் பிள்ளையில வள்ளத்துலேர்ந்து விழுந்தேன். அதுக்கப்புறம் இல்ல. பயம்."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"நீங்க இறங்குங்க" என்றாள் அமலி. "தினமும் காலையில. கழுத்து வரைக்கும். உங்க தோலுக்கு ஒண்ணும் ஆகலன்னா இவளுக இறங்கட்டும். பலகையை இனிமே நாங்க பாக்க மாட்டோம், உங்களைப் பாக்குறோம்."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார் கூட்டத் தலைவர்.

"அதை அந்தப் பூகிட்ட யாரும் கேட்டோமா?"

முதல் நாள் காலை பைக்கைக் கரையில் நிறுத்தினார். மகுடபதி காத்துக்கொண்டிருந்தார், கையில் ஒரு பொட்டலம்.

"ரப்பர் உடுப்புங்க சார். கழுத்துலேர்ந்து கால்வரைக்கும் மூடிக்கும். தண்ணி குளிரும் பாருங்க. உங்க உடம்பு எங்களுக்கு முக்கியமுங்க."

இக்னேசியஸ் வாங்கிப் பார்த்தார். நல்ல கறுப்பு. தையல் தெரியாத ஒட்டு, ஒரு சொட்டு உள்ளே போகாது. நல்ல வேலையைக் கண்டால் தடவிப் பார்க்கிற விரல்கள் தடவிப் பார்த்தன.

"என் அளவு எப்படித் தெரிஞ்சது?"

"பொன்னாடை போத்தும்போது பாத்தேனுங்க."

உடுப்பை மடித்து மகுடபதியின் கையிலேயே திருப்பி வைத்தார். சட்டையைக் கழற்றினார். அரைக்கால் சட்டையோடு நின்றபோது தொப்பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கரை நெடுகப் பெண்கள், விரலில் துணி சுற்றிக்கொண்டு. கண்ணாடிக்கு வெளியே நின்று அவர் எத்தனை உயிரைப் பார்த்திருப்பார்! உள்ளேயிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

யாரும் சொல்லவில்லை, அவராகவே குனிந்து ஒரு சிப்பியை எடுத்து, முழங்காலுக்குக் கீழே தோலை இழுத்துக் கீறினார். ரத்தம் வந்தது. நாற்காலியிலிருந்து அமலி அதைப் பார்த்தாள். 

இறங்கினார். முழங்கால். இடுப்பு. ஓர் அலை வந்து மார்பில் மோத, "மாதாவே" என்று கத்திவிட்டார்.

"கழுத்துண்ணே!" என்றாள் அமலி.

கழுத்து. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். காலடியில் மணல் நழுவிக்கொண்டேயிருந்தது.

"எரியுதா?"

கேள்வி கரையிலிருந்து வந்தது. அவர் முதலில் தன் காலைக் கேட்டார். எரிந்தது. ஆனால் இது உப்பா, வேறு ஏதாவதா?

"எரியுது. உப்புன்னு நினைக்கிறேன். எனக்கு நிச்சயமாத் தெரியல, அமலி."

"தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க. அது போதும்." அவள் கையைத் தூக்கினாள். பெண்கள் மணலில் உட்கார்ந்தார்கள். அன்று யாரும் இறங்கவில்லை. மறுநாளும் அவர் அதையே சொன்னார், யாரும் இறங்கவில்லை. கீறல் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, புதுத்தோல் தெரிந்த அன்றைக்குத்தான், "ஒண்ணுமில்ல. ஆறிருச்சு" என்று கரையைப் பார்த்துச் சொன்னார்.

பெண்கள் எழுந்தார்கள். ஒவ்வொருவராக அவரைத் தாண்டித் தண்ணீருக்குள் போனார்கள்.  கடைசியாக ரோஸ்லின் வந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டே, வேறேதோ நினைவாக, வழக்கம்போல இரண்டு விரலை நீட்டி அவருடைய ஈரத் தோளைத் தொட்டு, விரலை முத்தி செய்தாள். செய்த பிறகுதான் என்ன செய்தோமென்று அவளுக்கு விளங்கியது. "சீ!" என்று கடலில் துப்பிவிட்டு மூழ்கினாள்.

அவள் துப்பியதை அவரால் தாங்க முடிந்தது. தொட்டதைத்தான் முடியவில்லை.

"போதும்ண்ணே, கரையேறுங்க!" என்று அமலி கூப்பிட்டாள். இக்னேசியஸ் தலையை ஆட்டினார். பாறைமேல் நின்று பெண்கள் மூழ்கி மூழ்கி எழுந்துகொண்டிருந்தார்கள், எல்லார் காலிலும் கீறல். கடைசிப் பெண் கரையேறும்வரை அவர் கழுத்தளவுத் தண்ணீரில், நடுங்கிக்கொண்டு, அங்கேயே நின்றார்.